இறங்கி வரும் இருக்கை

விடியப்புறம் நாலரை. சரவணையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வீதி. பண்ணைப் பாலத்தில் ஏறிவிட்டால் இரண்டு பக்கமும் கடல்தான்... ஆளில்லை, வெளிச்சமில்லை. கிழமைக்கு இரண்டு தரம் அந்த நேரத்தில் அந்த வழியால் போனவன் பிரதாபன். வேறு யாருமில்லை, எங்கள் கூட்டாளி அனோஜனின் சொந்த அத்தான்.

அனோஜனின் தமக்கை, பிரதாபனின் மனைவி சிவரூபிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கால்களும் உணர்ச்சியற்று விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யாவிட்டால் ஆள் இல்லை. ஓட்டோவில் ஏற்றி இறக்க அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், பிரதாபன் ஜப்பானிலிருந்து ஒரு பழைய காரை இறக்குவித்தான். நடக்க முடியாதவர்களுக்கென்று செய்து அந்த நாட்டிலேயே விற்கிற கார். இலங்கையில் ஒருநாளும் விற்பனைக்கு வந்ததில்லை. பொத்தானை அழுத்தினால் முன் இருக்கை மெல்லத் திரும்பி, கதவுக்கு வெளியே வந்து, கீழே இறங்கும்.

வந்த அன்றே முற்றத்தில் வைத்து வெறும் இருக்கையை இறக்கிப் பார்த்தான். இறங்கும்போது சத்தமில்லை. ஏறும்போது... ங்ர்ர்ர்... ங்ர்ர்ர்... மோட்டர் மூச்சு வாங்கியது. யாரோ ஏறி இருந்துவிட்டது போல. கூடவே ஒரு மணம். நனைந்த கம்பளி மணம். தீவுப்பகுதி வெக்கையில் கம்பளி யார் போடுகிறார்கள்?

ஊர்காவற்றுறை மெக்கானிக் அப்புத்துரை கழற்றிப் பார்த்தார்.

"ஒரு பிழையும் இல்லைத் தம்பி. பிழை எண்டாலும் இந்தக் காருக்கு இஞ்ச சாமான் எடுக்க ஏலாது."

இரண்டாம் பயணத்திலேயே சிவரூபி அழத் தொடங்கிவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்னை அதில இருத்தாதேங்கோ. அதில ஆள் இருக்கு."

"விசர்க் கதை கதையாதையும். வேற வழி இருக்கோ?"

இருக்கவில்லை. போகாவிட்டாலும் சாவுதான்.

மார்கழியில் ஒரு நாள். நல்ல மழை. பாலத்தின் நடுவில் வரும்போது சிவரூபி வாய் திறந்தாள்.

"பாரமாக் கிடக்கு..."

"என்ன பாரம்?"

"தொடையில... குளிருது..."

உணர்ச்சியே இல்லாத தொடை. பிரதாபன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். காரை விரட்டினான். கம்பளி மணம் மூக்கை அடைத்தது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கதைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், வழமையாக அவளை உள்ளே கொண்டுபோகும் சிற்றூழியர் மேரிசுகந்தி தள்ளுவண்டியோடு ஓடிவந்தாள். பிரதாபன் பொத்தானை அழுத்தினான். இருக்கை திரும்பியது... வெளியே வந்தது... இறங்கியது. சிவரூபியின் தலை ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. கை சில்லிட்டிருந்தது. வழியிலேயே உயிர் போய்விட்டது என்று பிறகுதான் டாக்குத்தர் சொன்னார்.

தூக்குவதற்குக் குனிந்த மேரிசுகந்தி அப்படியே நின்றாள்.

"அண்ணை... முதல்ல மடியில இருக்கிற, கம்பளி போத்தின அம்மாவை இறக்குங்கோ. அவ எழும்பினாத்தானே நான் அக்காவைத் தூக்கலாம்?"