பெரிய லேப்

— இன்னொரு தபா சொல்லு ஜாக்குலின். போன் உனக்கு வந்துச்சி, ஆனா கேட்டது என்னையா?

— உங்களைத்தாங்க. “பிரின்ஸ் சார் வீடுங்களா, குழந்தை இல்லாத ஆம்பளைங்களுக்கு எங்க ஆஸ்பத்திரியில புது ட்ரீட்மென்ட் வந்திருக்கு”ன்னா ஒரு பொண்ணு.

— ராங் காலா இருக்கும். ஆரணியில எத்தினி பிரின்ஸ் கீறான்.

— கல்யாணமாகி ஏழு வருஷம்னு சொன்னா. செய்யார் கம்பெனியில ஷிஃப்ட் வேலைன்னும் சொன்னா.

— எங்கம்மா யார்கிட்டனா உளறிகினு இருந்திருக்கும்.

— அத்தை ஊர் பூரா என்னைத்தான் சொல்றாங்க. உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க.

— ஒரே பேஜாரா கீது. உக்காரு. ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— பொங்கல் லீவுல செய்யார்ல போயி ஒரு டெஸ்ட் எடுத்தேன். எனக்கு.

— இங்கயே ஜோசப்ராஜ் அண்ணன் லேப் இருக்குதே.

— அவரு நம்ம கோயில்ல பாடறவரு. ஞாயித்துக்கிழமை பூசையில அவரு மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது? அதான் பெரிய கம்பெனியா பாத்துப் போனேன். இந்தியா பூரா பிராஞ்ச். ரிப்போர்ட் ஆப்ல மட்டும்தான் வரும், யாருக்கும் குடுக்க மாட்டோம்னு செவுத்துல எழுதியே போட்டிருந்தான்.

— ஆப்ல கண்டிஷன்னு என்ன எழுதியிருந்துச்சி?

— யாரு படிச்சா? ஒத்துக்கறேன்னு அமுக்கினேன்.

— போன் பண்ணிக் கேளுங்க.

— யாரைக் கேக்கறது? இங்கிலீஷுக்கு ஒண்ணை அமுக்கு, தமிழுக்கு ரெண்டை அமுக்குன்னுவான். ஒரு மனுசன் வர மாட்டான். என் விவரத்தை வித்தானா, திருடு போச்சா, ஒண்ணும் புரியல. ஜோசப்ராஜ் அண்ணன்னா வீட்டு வாசல்ல நின்னு சண்டையாவது போடலாம். ஆமா, உன் நம்பர் அவங்களுக்கு எப்படிப் போச்சி?

— போன வருஷம் எனக்கு தைராய்டு டெஸ்ட் எடுத்தோமே, அதே கம்பெனிதான். ஒரே விலாசம்னு ஒரு குடும்பமா சேத்துட்டாங்க போல.

— சேத்துட்டாங்கன்னு உனக்கு யாரு சொன்னா? ... ரிப்போர்ட்ல என்ன இருந்துச்சின்னு நீ கேக்கவே இல்லியே.

— அந்த ரிப்போர்ட் எனக்கும் வந்துச்சிங்க. பொங்கல் முடிஞ்சி மூணாம் நாளே, என் போனுக்கு.

— அப்போ தவக்காலத்துல, “உங்கிட்டதான் குறை”ன்னு எங்கம்மா உன்னை சேத்துப்பட்டு மாதா கோயில் வரைக்கும் செருப்பில்லாம நடக்க வச்சிதே...

— தெரிஞ்சுதாங்க நடந்தேன்.