வெறும் வயிற்றில் என்ன என்று கேட்டவருக்கு

சினத்தால் உயிர்காத்த சீமாட்டியே! ஸ்ரீவில்லிபுத்தூரில் பணி தொடங்கி, இராஜபாளையத்தில் எங்களை ஆட்டிப் படைத்து, இன்று விடைபெறும் மருத்துவத் தாயே! டாக்டர் ஞானபாக்கியம் அம்மையாரே! வணக்கம்.

ஓய்வு விழா மடல் என்றால் பொறுமையைப் புகழ வேண்டுமாம். பொய் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. உங்களிடம் இருந்தது கோபம். அதைப் பாராட்டத்தான் கூடியிருக்கிறோம்.

சபையோரே, கேளுங்கள்! 1993இல் செட்டியார்பட்டிப் பொன்னுராஜ் என்னும் ஓய்வுபெற்ற மில் தொழிலாளியை, வியர்த்துக் கொட்டி நினைவு தப்பிய நிலையில் தூக்கி வந்தார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்று எங்கள் இளம் மருத்துவர்கள் அவரைக் காய்ச்சி எடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரமே மறுபடியும் அதே கோலம். இம்முறை கண் திறக்க வெகுநேரம் பிடித்தது. கட்டிலோரம் மனைவி அழகுத்தாய் நின்றிருந்தார்.

அம்மையார் அழகுத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு மருந்து ஏதும் உண்டா என்றார்.

"ஒண்ணுமில்ல தாயி."

அம்மையார் கேள்வியை மாற்றினார். "காலையில வெறும் வயித்துல அவருக்கு என்ன குடுக்கீக?"

"சிறுகுறிஞ்சான் பொடிதான், வெந்நீர்ல. அது மருந்தா? வெறும் இலைதான! எந்த மாத்திரையோடயும் சேரும்னு நாட்டு மருந்துக் கடையில போர்டே வச்சிருக்காக. டாக்டர்மாருகிட்ட சொன்னா ஏசுவாகன்னுதான் சொல்லல."

அப்போது வந்தது பாருங்கள் கோபம்! அழகுத்தாய் மேல் அல்ல, எங்கள் மேல். "மாத்திரையும் சர்க்கரையக் குறைக்கும், பொடியும் குறைக்கும். ரெண்டும் சேர்ந்தா இந்த வயசுல ஆளையே சாய்ச்சிரும். இவுக வாயைத் தச்சது யாரு? நாமதான்! ஏசுறவங்கிட்ட எவன் உண்மையச் சொல்லுவான்?"

வெள்ளைக் கோட்டோடு வீதியில் இறங்கி, கடைக்காரர் பார்த்திருக்க அந்தப் பலகையைத் தம் கையாலேயே கழற்றினார். "மூலிகையக் குத்தம் சொல்லல. எதோடயும் சேரும்னு எழுதினீகளே, அதால ஒரு உசுரு போகப் பாத்துச்சு!"

பொன்னுராஜ் பிழைத்தார். இதோ, முன்வரிசையில் அழகுத்தாயோடு அமர்ந்திருக்கிறார். அன்றுமுதல் வயதானவர் யார் வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். என்ன பதில் வந்தாலும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அதே பலகைகள் இன்றும் ஊரெங்கும் தொங்குகின்றன. நினைத்தால் வயிறு எரிகிறது!

அம்மையாரே! நோயற்று, நிறைவுற்று, நெடுநாள் வாழ்க என்று வாழ்த்துகிறோம். ஆனால் சும்மா வாழ்த்திவிட்டுப் போக மனம் வரவில்லை. உங்களுக்கும் வயதாகிவிட்டது, நீங்களும் இப்போது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அன்பர்கள் கொண்டுவந்த பரிசுகளுக்கு நடுவே பொடி டப்பாக்களையும் பார்த்தோம். ஆகவே, ஏசாமல், முகம் சுளிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம்:

அம்மா, இன்று காலை வெறும் வயிற்றில் என்ன குடித்தீர்கள்?

இவண்,
உங்கள் கோபத்தில் வளர்ந்த
மருத்துவர்கள், செவிலியர், மருந்தகத்தார், ஊழியர்கள்
இராஜபாளையம், 31.5.1996