கடலே, கொஞ்சம் வழி விடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார்ஜன்ட் ஹெப்பிள்: அந்தக் கிதார் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் கிடைத்தது என்று நேற்று நீங்கள் சொன்னபோது மனசுக்கு இதமாக இருந்தது. நல்ல மரம். வைத்திருந்தவள் பிடிவாதக்காரி என்பதற்காக மரத்தைக் குறை சொல்ல முடியாது.

நான் நிதானமாகவே சொல்கிறேன். நீங்கள் அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் நீங்கள் முணுமுணுப்பது எனக்கு இடைஞ்சல் இல்லை. பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டால் அப்படித்தான்.

பெயர் நெவில் ஸ்டோப்ஸ். ஸ்கார்த் தீவில் ‘நங்கூரம்’ மதுக்கடை மாடியில் வியாழன்தோறும் கூடுகிற நாட்டுப்பாட்டுச் சங்கத்தை நடத்துகிறவன். சங்கம் என்றதும் தலைவர், செயலாளர் என்று எழுதிவிடாதீர்கள். எங்களிடம் எல்லோரும் சமம். யார் முதலில் பாடுவது, யார் எங்கே உட்காருவது, யாரைத் திரும்ப அழைக்கக் கூடாது என்பதை மட்டும் நான் முடிவு செய்வேன். மைக் கிடையாது. மைக் வைத்தால் சிலருடைய பாட்டு கேட்டுவிடும். இடைவேளையில் குலுக்கல், பரிசு ஒரு பிஸ்கட் டின். போன வாரம் ஜெயித்தவர் இந்த வாரம் அதையே பரிசாகக் கொண்டுவந்து கொடுப்பார். யாரும் இதுவரை திறந்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் நான் எழுந்து நின்று, பாதை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று சொல்வேன். அதுதான் முக்கியம். தீவையும் கரையையும் இணைக்கிற அந்த ஒற்றைச் சாலையைக் கடல் அன்றாடம் விழுங்கித் துப்புகிறது, உங்களுக்கே தெரியும். பாதை முனையில் நேர அட்டவணைப் பலகை இருக்கிறது. அதைப் படிப்பது சுற்றுலாக்காரர்கள். நம் ஆட்கள் நெவிலைக் கேட்பார்கள். என் வாயை நம்பி வண்டி எடுத்தவர்களில் ஒருவருடைய சாக்ஸ்கூட முப்பது வருஷத்தில் நனைந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் நல்லதையும் யாராவது எழுதத்தானே வேண்டும்.

மெர்ரன் டாட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி, தானே விற்கிற ரகம் அவள். இசைக் கம்பெனி கிடையாது, ஏஜெண்ட் கிடையாது. அம்மா வீட்டுச் சமையலறையில்தான் பதிவு. ஃபிரிட்ஜ் உறுமக் கூடாது என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அந்த வீட்டில் ஒரு வாரத்துப் பால் திரிந்திருக்கிறது. சி.டி. அட்டையில் உருளைக்கிழங்கை வெட்டி மையில் தோய்த்து அச்சுக் குத்துவாள். ஒரு துருப்பிடித்த சின்னக் காரில் ஊர் ஊராகப் போவாள். போய் இறங்கினால் முதலில் கிதாரைத் தூக்கிப் பத்திரமான இடத்தில் வைப்பாள். பிறகு திரும்பிப் போய் சி.டி. பெட்டியைத் தூக்கி வருவாள். கொட்டுகிற மழையிலும் அதே வரிசை. யாராவது கை கொடுக்கப் போனால், “வேணாம் சாமி, இது என் கடை, நானே சுமக்கிறேன்” என்பாள். இதைப் பல வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எதையும் வீணாகப் பார்ப்பவன் இல்லை நான்.

அவள் தொழில்முறையில் ஒரு கோளாறு இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதர்களைப் பற்றித்தான் எழுதுவாள். எழுதி முடித்ததும் அந்த ஆளின் வீட்டுக்கே போய், அவர் எதிரில் உட்கார்ந்து முதலில் அவருக்குப் பாடிக் காட்டுவாள். அவர் “வேண்டாம்” என்று தலையசைத்தால் பாட்டைத் தூக்கிப் போட்டுவிடுவாள். ஒரு கசாப்புக்காரரின் தலையசைப்பில் ஓர் அருமையான பாட்டு போயிருக்கிறது. நாட்டுப்பாட்டு அப்படி உண்டாவதில்லை, சார்ஜன்ட். நாட்டுப்பாட்டு செத்தவர்களைப் பற்றியது. செத்தவர்கள் தலையசைக்க மாட்டார்கள். அவர்களிடம் இருக்கிற பெரிய வசதியே அதுதான்.

இருந்தாலும், எல்லா மடையர்களுக்கும் ஒருமுறை வாய்ப்பதுபோல் அவளுக்கும் ஒரு நிஜமான பாட்டு வாய்த்தது. அவள் அம்மா ஹில்டா, எதிர்க்கரை ஓட்டலில் படுக்கை விரிக்கிற வேலை பார்த்தவள். ஒருநாள் கடைசி பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு, வீட்டில் தனியாக இருந்த குழந்தைக்காக, அலை ஏறுவதற்குள் மணலில் நடந்தே தீவுக்கு வந்தாள். அந்தக் குழந்தைதான் மெர்ரன். பிற்பாடு அம்மாவும் மகளும் எதிர்க்கரைக்கே குடிபோய்விட்டார்கள். பல்லவி உங்களுக்குத் தெரிந்ததுதான்:

கடைசி வண்டி போயிருச்சு,
கடலே, கொஞ்சம் வழி விடு;
அடுப்புக் கெட்டில் ஆறுமுன்னே
நடந்தே வீடு வந்திடுறேன்.

என் மாடியில் அவள் இதை முதன்முதலாகப் பாடியபோது, கீழே மதுக்கடைக்காரி மேவிஸ் பீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் படியேறி வந்தாள். பீர் ஊற்றுவதை அவள் கணவன் சாவுக்குக்கூட நிறுத்தவில்லை. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது: நாமெல்லாம் போன பிறகும் இந்தப் பாட்டு இருக்கும். அதில் ஒரே ஒரு குறைதான். அந்தப் பெண் வீடு வந்து சேர்ந்துவிடுகிறாள்.

கரை சேர்ந்தவளுக்காக எவன் அழுவான்?

நான் அதைச் சரிசெய்தேன். ஒரே ஒரு சொல். ‘நடந்தே’ என்ற இடத்தில் ‘மிதந்தே’. மிதந்தே வீடு வந்திடுறேன். பாருங்கள், உங்கள் பேனா தானாகவே நின்றுவிட்டது. அவளுக்கு வாழ்நாளெல்லாம் வராத வேலை அது. அவள் இல்லாத வியாழன்களில் நான் அப்படித்தான் பாடினேன். ஜனம் மூக்கைச் சிந்தியது.

போன இலையுதிர் காலத்தில் அவள் விருந்தாளிப் பாடகியாக வந்திருந்தாள். அவளைக் கௌரவிக்கத்தான் அவள் பாட்டையே நான் எடுத்தேன். பல்லவி முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

“நெவில், ஒரு நிமிஷம். அவ மிதக்கலை. நடந்து வந்தா.”

“பாட்டு வாய்க்கு வாய் மாறத்தான் செய்யும், கண்ணு. அதுக்குப் பேருதான் மரபு.”

“மாறட்டுமே. மெட்டை மாத்துங்க. பஸ்ஸை ரயிலாக்குங்க. ஊர் பேரைக்கூட மாத்திக்கோங்க. எங்கம்மாவை மட்டும் சாகடிக்காதீங்க. அவ இப்போ வீட்ல காலை நீட்டி உக்காந்து டிவி பாத்துட்டிருக்கா.”

படியில் நின்ற மேவிஸ் சும்மா இருக்கவில்லை. “நெவில் தொட்ட பாட்டுல எவளாச்சும் பொழைச்சிருக்காளா தங்கம்? அந்த மனுஷன்கிட்ட தாலாட்டைக் குடுத்தாலும் ரெண்டாவது வரியில தொட்டிலைக் கவுத்துருவாரு.”

மாடியே சிரித்தது. என் மாடி. நான் உட்காரச் சொன்ன நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள். பிஸ்கட் டின்னை மடியில் வைத்திருந்தவர் அதைத் தாளம்போலத் தட்டினார்.

அதனால்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு சின்ன மனிதன் இல்லை நான். அன்று யார் யார் சிரித்தார்கள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்ல முடியும், அது வேறு விஷயம்.

காரணம் கொள்கை சம்பந்தமானது. ஒரு பாட்டைப் பெற்றவள் பின்வரிசையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருந்தால் அது எப்படி மக்கள் பாட்டாகும்? இதை எழுதியது யார் என்று கேட்டால் ஊரே உதட்டைப் பிதுக்க வேண்டும். அப்போதுதான் பாட்டுக்கு விடுதலை. இத்தனைக்கும் அவள் கஞ்சப் பிசினாறி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. புது சி.டி.யின் அட்டையில் உருளைக்கிழங்குப் படத்துக்குக் கீழே இப்படி அச்சடித்திருந்தாள்: ‘யார் வேண்டுமானாலும் பாடலாம், அனுமதி கேட்க வேண்டாம். அவளை வீடு சேர்த்துவிடுங்கள், போதும்.’ அது யாரைப் பார்த்து எழுதியது என்று தீவு முழுக்கத் தெரியும்.

அந்தப் புது ஆல்பத்தோடு மார்ச்சில் மறுபடி வந்தாள். வருகிற பாடகர்கள் அமைப்பாளர் வீட்டு உபரி அறையில் தங்குவது எங்கள் வழக்கம். சண்டை போட்டவர்களும் அங்கேதான் தங்குவார்கள். விடுதிக்குக் கொடுக்க யாரிடமும் காசு கிடையாது. காலையில் நானே புகைபோட்ட மீனை வறுத்து, ரொட்டி சுட்டு வைத்தேன். வெளியே வேலிகூடத் தெரியாத மூடுபனி. கடைசியாக ஒருமுறை கேட்டேன். என் பக்கம் நியாயமாக நடந்துகொண்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

“நான் பாடுறப்போ மட்டும் நீ பேசாம இரேன் கண்ணு. ஒரே ஒரு சொல்லுதானே.”

“நெவில், உங்களுக்கு ஒரு பொம்பளை முழுகியே ஆகணும்னா வேற பாட்டு எழுதிக்கோங்க. நானே கோரஸ் பாடுறேன்.”

“நான் எழுதுறவன் இல்லம்மா. பாட்டை ஒரு தலைமுறைகிட்டேருந்து வாங்கி அடுத்த தலைமுறைக்குக் கடத்துறவன்.”

“கடத்துங்க. யாரு வேணாங்கிறா. சாமானை வழியில உடைக்காம கடத்துங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கினாள். “அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன், நெவில். அவ ஒத்துக்கிட்ட வரி அது. சரி, பாதை எதுவரைக்கும் இருக்கு?”

நான் சொன்னேன்.

“மத்தியானம் வரைக்கும் தாராளமா இருக்கு. மெதுவாவே போ.”

அவ்வளவுதான், சார்ஜன்ட். தள்ளவில்லை, அடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. தண்ணீர் அப்போதே பாதை நடுவிலுள்ள சின்னப் பாலத்துப் பள்ளத்தில் ஏற ஆரம்பித்திருந்தது. அவள் என் கூடத்துப் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு, “நெவில் மத்தியானம் வரைக்கும் இருக்குங்கிறாரு, சூப்பு வச்சிரு, வந்துர்றேன்” என்றாள். நான் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நீங்கள் இன்று என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். பாதையில் கைப்பேசி எடுக்காது என்பது அவளுக்கும் தெரியும்.

பாதி வழியில் கால் முளைத்த மரக்கூண்டு ஒன்று இருக்கிறதே, மாட்டிக்கொண்டவர்கள் ஏறி நிற்க. அது இருக்கும்போது அவள் சாவாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. தண்ணீரில் நின்றுபோன காரை விட்டு இறங்கி அவள் அந்தக் கூண்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஏணியில் ஏறினாள். கிதாரை உலர்ந்த மூலையில் வைத்தாள். பிறகு காரிலிருந்த சி.டி. பெட்டிக்காகத் திரும்பி இறங்கினாள்.

ஒரு கம்பெனிக்காரியாக இருந்திருந்தால் பெட்டி அவள் கவலையாக இருந்திருக்காது. சுதந்திரமான கலைஞர் என்றால் எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும். இந்த முறையும் அவள் வரிசையை மாற்ற மாட்டாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். நடந்துவிட்டது.

இன்னொன்று. இது உங்களிடம் இல்லை, நானாகத்தான் தருகிறேன். நான் அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது எதிர்க்கரை மீட்புப் படகுக்காரர்கள் போன் செய்தார்கள். அலை விஷயத்தில் அவர்களும் நெவிலைத்தான் கேட்பார்கள்.

“நெவிலு, பாதையில எவனாச்சும் இருக்கானா? பனிக்குள்ள ஒரு வெளிச்சம் ஆடுற மாதிரி தெரியுது. படகை இறக்கட்டுமா?”

“யாரும் இல்லப்பா. நேத்துப் பாடின பொண்ணு ஒருத்திதான் போனா. அவ எப்பவோ வீடு போய்ச் சேர்ந்துட்டா.”

யோசித்துப் பார்த்தால், அவள் வரியை அவள் விரும்பியபடியே நான் பாடியது அந்த ஒரு முறைதான்.

படகு இறங்கவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தை மாடியிலேயே நடத்தினோம். குலுக்கல் வைக்கவில்லை, சிலர் முணுமுணுத்தார்கள். நான் எழுந்து அந்தப் பாட்டைப் பாடினேன், சரியான சொல்லோடு. ‘மிதந்தே’ என்ற இடத்தில் மாடி முழுக்க உடைந்து அழுதது. மேவிஸ் தேம்பித் தேம்பி அழுதாள். தொட்டில் ஜோக் அன்று வரவில்லை. பின்வரிசையில் யாரும் எழுந்து திருத்தவில்லை. அன்றுதான் அந்தப் பாட்டு முழுமையாக நின்றது.

முன்வரிசையில் ஹில்டா இருந்தாள். அவள் மட்டும் அழவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, மெதுவாக, “நான் வீட்டுக்கு வந்துட்டேனே, நெவில்” என்றாள். துக்கத்தில் மனிதர்கள் சம்பந்தமில்லாமல் பேசுவது சகஜம். நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆம், கொன்றது நான்தான். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்காகச் செய்யவில்லை, எனக்கு அதில் ஒரு பெயரும் வேண்டாம். பாட்டு இனி யாருடையதும் இல்லை. யார் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே வாழ்ந்துவிட்டுப் போகட்டும். அதன் விடுதலைக்காகத்தான் இவ்வளவும். பாட்டை எழுதியவர் என்று உங்கள் படிவத்தில் கட்டம் இருந்தால் அதில் ‘யாரும் இல்லை’ என்றே போடுங்கள்.

பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு நிமிஷம், சார்ஜன்ட். மறுபடி முணுமுணுத்தீர்களே, அந்தக் கடைசி வரி. உங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பாடுகிறாள் என்றா சொன்னீர்கள்? அது தப்பு. ‘நடந்தே’ இல்லை, ‘மிதந்தே’. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் திருத்திவிடுங்கள். முதலில் நீங்கள் ஒருமுறை சரியாகப் பாடுங்கள், கையெழுத்து அப்புறம்.