மூடி கழட்டாத சென்சார்

ஹலோ… ஆங், ஹலோ! கேக்குதா? இரு, ஃபில்டர் ரூம்ல பம்ப் ஓடுது, வெளியே வரேன்… இப்ப? நான்தான்ப்பா, சாய ஆலையில இருந்து… ஆமா, ஆமா, அக்காதான். எங்க சின்னவளைக் கட்டிக்கணும்னு வந்து நிக்கிறியே, அவளோட அக்கா. அவளைச் சொன்னாதான் உனக்கு ஆளே அடையாளம் தெரியுது. அப்பா இன்னும் சரின்னு சொல்லல, ஞாபகம் இருக்கட்டும்!

…சாப்பிட்டாச்சா எல்லாம் அப்புறம். முதல்ல உன் மெஷினைப் பத்திப் பேசுவோம், இன்ஜினியர் தம்பி… இல்ல இல்ல, பிரமாதம்! நீ மாட்டிட்டுப் போனதுல இருந்து ஸ்க்ரீன்ல ஒரே பச்சை. தண்ணியில கலங்கல் துளிகூட இல்லையாம்…

…அவசரப்பட்டு சந்தோஷப்படாத. ஸ்க்ரீன்ல பார்த்தா தண்ணி கண்ணாடி மாதிரி. தொட்டியில எட்டிப் பார்த்தா, டீ. அதுவும் பால் ஊத்தின டீ.

…நான் ஏன்ப்பா பொய் சொல்றேன்? … ஒயர் நல்லாத்தான் இருக்கு… கரண்ட்டும் இருக்கு… இரு, நீயே கேள்வி கேட்டு நீயே பதில் சொன்னா நான் எதுக்கு போன் போட்டேன்? பைப்புக்குள்ள சென்சார் விட்டிருக்கியே, கலங்கலை அளக்குறது, அதை வெளியே உருவிப் பார்த்தேன். அதோட மூக்குல கறுப்பா ஒரு ரப்பர் மூடி. பெட்டியில வரும்போதே போட்டு வருமே… ஆமா… ஆமாப்பா, அதேதான். கழட்டவே இல்ல நீ!

…எப்படின்னு என்னையே கேக்குறியா? சொல்றேன். அன்னைக்கு ஏணி மேல நின்னுக்கிட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவுல போனை இடுக்கிக்கிட்டு, ஒரு கையில ஸ்பேனர், இன்னொரு கையில சென்சார், வாயெல்லாம் பல்லு… கஸ்டமரா? எந்தக் கஸ்டமர்கிட்டப்பா "நீ முதல்ல வை, இல்ல நீ முதல்ல வை"ன்னு கொஞ்சுவாங்க? சாயங்காலம் வீட்டுக்குப் போனா, அங்க ஒருத்திக்கும் வாயெல்லாம் பல்லு!

…சிரிக்காத. நான் சிரிப்பேன், நீ சிரிக்கக் கூடாது.

உன் சிஸ்டம் தானே பார்த்து, தானே வால்வைத் திறந்து, தானே ஃபில்டரைக் கழுவும்னுதானே அத்தனை பேச்சு பேசின? அழுக்கே இல்லன்னு அது நினைச்சுக்கிட்டா எதுக்குக் கழுவும்? ஒரு தடவைகூடக் கழுவல. ஃபில்டருக்குள்ள இருக்கிற மணல் பூரா சேறு. அந்தத் தண்ணியில அலசின வெள்ளைத் துணி எல்லாம் திட்டுத் திட்டா நிக்குது… "நீங்க கவனிக்கலியா"வா? கேப்ப, கேப்ப. தானே பார்த்துக்கும்னு நீ சொன்னதை நம்பி நானும் அந்தப் பக்கம் போகல. என் மேலயும் தப்பு இருக்கு, போதுமா?

அடுத்த ஃபில்டர்ல… ஆமா, உன் எதிரி கம்பெனிக்காரனோடது. ரெண்டுல எதை வாங்குறதுன்னு முடிவு பண்ணணும்ல? அதனால உன் மூடியைக் கழட்டி அவன் சென்சாருக்கு மாட்டிப் பார்த்தேன்… வேணும்னேதான்! கொஞ்ச நேரம் பொறுத்துச்சு. நம்பர் அசையாம ஒரே இடத்துல நிக்குதேன்னு அதுக்கே சந்தேகம் வந்துடுச்சு. அப்புறம் போட்டுச்சு பாரு ஒரு கூச்சல், ஆலையே திரும்பிப் பார்த்துச்சு. உன்னது என்னடான்னா பச்சை விளக்கைப் போட்டுக்கிட்டு சுகமா தூங்குது.

…ம்… ம்… சரி, விளையாட்டு போதும். மூடி விஷயம் முதலாளிக்கு இன்னும் தெரியாது. துணி கெட்டதுக்குக் காலையில இருந்து சாயம் கலக்குறவரைத்தான் வறுத்தெடுக்குறார். கலவை சரிதான்யான்னு அந்த மனுஷன் தலையில அடிச்சுக்கிறார். நாளைக்கு வேலைக்கு வராதேன்னு சொன்னாலும் சொல்லிடுவாங்க. மூடி என் கையில இருக்கு. சத்தமில்லாம வீசிட்டேன்னு வை, உன் ஸ்க்ரீன் ஒழுங்காயிடும், முதலாளி வந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுவார். உனக்கு முதல் ஆர்டர். எங்க அப்பாவும் தினம் கேக்குறார், "நீ பக்கத்துல இருந்து பாக்குறியே, பையன் எப்படி? நீ சரின்னா பேசி முடிச்சுடலாம்"னு. சொல்லு, வீசிடட்டுமா?

…ஹலோ? லைன்ல இருக்கியா? … பைக் ஸ்டார்ட் பண்ற சத்தம் கேக்குது, எங்கப்பா கிளம்பிட்ட?

…ம்… சொல்லு… என்னது? … நீயே வந்து முதலாளிகிட்ட ஒத்துக்கிறியா? ஆர்டர் போயிடுமேப்பா… போனா போகட்டுமா? … ம்… ஆமா, சாயம் கலக்குறவர் பிள்ளைகுட்டிக்காரர்தான்… சரி, எந்த சிஸ்டத்தை எடுக்கச் சொல்ற? … எதிரி கம்பெனியோடதையா! உங்க மேனேஜர் காதுல விழுந்தா உன்னைத்தான் ஃபில்டர்ல போட்டுக் கழுவுவார்!

…கோபம் எல்லாம் இல்லப்பா… குரல் ஒரு மாதிரி இருக்கா? அது பம்ப் சத்தம்… சரி, பம்ப் இல்ல. "வீசிடுங்க அக்கா"ன்னு சொல்லிடுவியோன்னு பயந்துக்கிட்டேதான் கேட்டேன். நீ அப்படிச் சொல்லியிருந்தா, வீட்டுல அவ முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

கேளு. அவன் சென்சார்ல மாட்டிப் பார்த்த கையோட மூடியை எடுத்துக்கிட்டு ஓடிப்போய், உனக்கு போன் போடுறதுக்கு முன்னாடியே முதலாளி மேஜை மேல வெச்சுட்டேன். சாயம் கலக்குறவர் சிரிச்ச முகமா சாப்பிடப் போயிருக்கார். ஆர்டரும் அந்தக் கம்பெனிக்கே போயிடுச்சு… ஆமா, உன்னைச் சோதிச்சுத்தான் பார்த்தேன். மெஷினை மட்டும்தான் சோதிக்கணுமா?

…திட்டு, நல்லா திட்டு… சாயங்காலம் வந்து உன் பொட்டியைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போ. அப்படியே வீட்டுக்கு வா, அப்பா இருப்பார்… எதுக்கா? பேசி முடிக்கத்தான், மாப்பிள்ளை.

…என்ன சொன்னேனா? மாப்பிள்ளைன்னு சொன்னேன்… ஆமாப்பா, உன்னைத்தான்… ஹலோ? … ஹலோ?

வெச்சுட்டான்! அவளுக்குப் போடுறான் போல.