பச்சைத் துண்டு

நான் பொதுவாக அடுத்தவர் பொருளைத் தொடமாட்டேன். என் பொருளையும் யாரும் தொடக்கூடாது என்று நினைப்பேன். இதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. உங்கள் சீப்பை இன்னொருவர் எடுத்துத் தலை வாரினால் நீங்களும் முகம் சுளிப்பீர்கள்.

எங்கள் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கும் பெரிய டிரம் ஒன்று உண்டு. அடைத்துக்கொண்டால் ஆள் உள்ளே இறங்கித்தான் அடைப்பை எடுக்க வேண்டும். இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் பிடியில் தன் துண்டைத் தொங்கவிடுவான். ஆளுக்கொரு நிறம் என்பதால், உள்ளே யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். தொங்கவிட்டவன்தான் வெளியே வந்து எடுக்க வேண்டும். எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை.

என் தங்கை கணவனும் அங்கேதான் வேலை பார்த்தான். நான்தான் சேர்த்துவிட்டேன். சொத்துத் தகராறா, தங்கையை அடித்தானா என்று மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை. அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினான். அவனிடம் ஒரே ஒரு பழக்கம். தன் துண்டை வீட்டில் மறந்துவிட்டு வருவான். என் பச்சைத் துண்டை எடுத்து முகம் துடைப்பான், கழுத்து துடைப்பான், கக்கம் வரை போவான். பிறகு ஈரத்தோடு என் ஆணியிலேயே மாட்டிவிடுவான்.

கேட்டேன். "ஒரு துண்டுதானே மச்சான், அதுக்குப் போயி..." என்று சிரித்தான். தங்கையிடம் சொன்னேன். அவளும் அதே மாதிரி சிரித்தாள். அது எனக்குச் சுருக்கென்றது. அற்ப விஷயம் என்று எனக்கும் தெரியும். அற்பமாக இருந்ததால்தான் யாரிடமும் முறையிட முடியவில்லை. பெரிய குறையென்றால் நாலு பேரைக் கூட்டிப் பேசித் தீர்த்திருக்கலாம்.

அன்று கை கழுவிவிட்டு வந்தேன். ஆணியில் துண்டு இல்லை. சுவிட்சில் தொங்கியது. டிரம்முக்குள் அவன் பாடுவது கேட்டது. என் கை ஈரமாக இருந்தது. துண்டை எடுத்துக் கை துடைத்து, தோளில் போட்டுக்கொண்டேன். என் துண்டை நான் எடுத்தேன், அவ்வளவுதான்.

மேஸ்திரி வந்தார். பச்சைத் துண்டோடு நான் வெளியே நிற்பதைப் பார்த்து, அடைப்பு எடுத்தது நான்தான் என்று நினைத்துவிட்டார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். டிரம் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு சுவிட்சுப் பக்கம் போனார்.

உள்ளே பாடிக்கொண்டிருந்தவன் பாட்டை நிறுத்தினான். "விளையாடாத மச்சான், கதவத் திற" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கூடத்து இரைச்சலில் மேஸ்திரிக்குக் கேட்கவில்லை. ஒட்டி நின்ற எனக்குக் கேட்டது.

"ஆச்சா?" என்றார் மேஸ்திரி.

"ஆச்சு" என்றேன்.

அவரை விட்டுவிடுங்கள். சோற்றில் கை வைக்காமல் கிடக்கிறாராம். சுவிட்சைப் போட்டது அவர், கொன்றது நான்.

தங்கை நேற்று வந்தாள். "ஒரு துண்டுக்காகவாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி என்னால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஒன்றே ஒன்று. சாட்சிக்கென்று எடுத்து வைத்திருக்கிறீர்களே, அந்தத் துண்டின் மேல் உங்கள் ஏட்டு டீ கிளாஸை வைக்கிறார். வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள்.