தொட்டிக்குள்ள விட்ட கை

கீழே இலை போட்டாச்சு, எனக்கும் சாம்பார் வாசனை வருது. மைக்கைக் குடுத்துட்டு இவர் எப்ப இறங்குவார்னு நீங்க பாக்கறதும் தெரியுது. சாம்பார் ஆறுறதுக்குள்ள ஒரே ஒரு குட்டிக் கதை... சொல்லிட்டு நானும் உங்க கூடவே பந்திக்கு வந்துடறேன்.

மாப்பிள்ளை ரகுபதி, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருப்பா. போட்டோ அப்புறம் எடுக்கலாம். அடுத்த வாரம் நீ நிவேதாவைக் கூட்டிக்கிட்டு சிங்கப்பூர் போற. நான் இருக்கறதும் அங்கதான். அதனால இது உனக்குத்தான்.

எங்க புளோக்ல அருள்வேல்னு ஒருத்தர். நல்ல மனுஷன். ஆனா கையும் காலும் சும்மா இருக்காது. லிஃப்ட் வர்றதுக்குள்ள பட்டனை பத்து தடவை அமுக்குற ஜாதி. சிரிக்கிறீங்க... இங்கேயும் நாலு பேர் இருக்கீங்க, எனக்குத் தெரியும்!

அவர் ஹால்ல பெரிய உப்புத்தண்ணிக் கண்ணாடித் தொட்டி. அதுக்குப் பவளம் வாங்கப் போனார். பவளம்னா மோதிரத்துல வைக்கிற கல்லு இல்லீங்க... உசுரோட இருக்கிற பவளம். பூந்தொட்டிப் பவளம்னு ஒரு வகை. நல்லா இருந்தா கொத்துக் கொத்தா பூ மாதிரி விரிஞ்சு ஆடும். தொட்டீங்க... பொசுக்குனு உள்ள போயிடும். வெறும் கல்லுதான் தெரியும்.

கடைக்காரர் சொல்றார்: "தம்பி, இது பொழைக்கிறது ரொம்ப கஷ்டம். வேற ஏதாச்சும் எடுத்துக்கங்க."

இவர் விடுவாரா? "அண்ணே, கஷ்டமானதுதான் எனக்கு வேணும். நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன்! எப்படிப் பாத்துக்கிட்டார் தெரியுமா? கொண்டுவந்து வச்சார். அது சுருங்கிடுச்சு. புது எடம், புதுத் தண்ணி... சுருங்காதா? இவருக்குப் பதறிப்போச்சு. மீன் தொட்டிக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டார். ஒருத்தர் "வெளிச்சம் பத்தல, மேல வை"ன்னார். மேல வச்சார். இன்னொருத்தர் "வெளிச்சம் ஜாஸ்தி, கீழ வை"ன்னார். கீழ வச்சார். "தண்ணி வேகம் ஜாஸ்தி, மூலைக்கு மாத்து." மாத்தினார். ஆபீஸ் போகுமுன்ன கை, வந்ததும் கை... தொட்டிக்குள்ளயேதான் கை! ஒவ்வொரு தடவையும் அது விரியலாமான்னு யோசிக்கும்போது இவர் கையை விட்டுத் தூக்கிடுவார்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்... அதே மாசந்தான் அவருக்குக் கல்யாணம் ஆகி மங்கைன்னு ஒரு பொண்ணு மன்னார்குடியிலேருந்து அந்த வீட்டுக்கு வந்திருக்கு.

அந்தப் பொண்ணு ஜன்னல்கிட்ட போய் நின்னா போதும். "என்னம்மா ஆச்சு?" "ஒண்ணுமில்லீங்க." "ஒண்ணுமில்லன்னா என்ன? அம்மா ஞாபகமா? சாப்பாடு பிடிக்கலையா? வா, வெளியில போலாம். வேணாமா? சரி, சோபாவைத் திருப்பிப் போடவா? வேற வீடு பாப்போமா?"

கேக்கும்போது நமக்கே மூச்சு முட்டுது இல்ல?

ஒரு ஞாயித்துக்கிழமை. இவர் முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள. பின்னாடி பெட்டி ஜிப் இழுக்குற சத்தம். திரும்பினா... மங்கை.

"நான் ஊருக்குப் போறேங்க."

"ஏன்? நான் என்ன குறை வச்சேன்? சொல்லு, இப்பவே சரி பண்ணிடறேன்!"

அந்தப் பொண்ணு சொல்லுச்சு... "நீங்க ஒரு குறையும் வைக்கல. ஆனா வந்த நாளா நான் ஒரு தடவைகூட அழுது முடிக்கலைங்க. நீங்க முடிக்க விடல."

...

அழுது முடிக்க விடல. எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்க!

கையில பவளம். சுருங்கிப்போய் கல்லா இருக்கு. அதைப் பாத்தார், அவளைப் பாத்தார். மெதுவா தொட்டிக்குள்ளயே வச்சுட்டுக் கையைத் துடைச்சார். அவ உள்ள போயி அழ ஆரம்பிச்சா. இவர் எந்திரிச்சார்... உக்காந்தார். கதவு வரைக்கும் போனார்... திரும்பி வந்தார். வாழ்க்கையில அவ்வளவு கஷ்டமான வேலையை அந்த மனுஷன் செஞ்சதே இல்ல. என்ன வேலை? சும்மா இருக்கிற வேலை!

ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டார். எப்ப வருவேன்னு கேக்கல. வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டார்.

பவளம் பொழைச்சுதா? இல்ல. செத்துப்போச்சு. கடைசியா வச்ச இடத்துல தொடாமத்தான் வச்சிருந்தார், ஆனா அதுக்குள்ள ரொம்ப நொந்துபோச்சு. அந்தக் காலித் தொட்டி முன்னாடி ஒத்தையில உக்காந்து மனுஷன் அழுதார். அவரை யாரும் "என்ன ஆச்சு"ன்னு கேக்கல. அழுது முடிச்சார்.

ஒருநாள் அவளே போன் பண்ணினா. "என்னங்க... வர்ற வெள்ளிக்கிழமை வரேன். ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்க."

அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஆயிரம் கேள்வி இருந்தும்... "சரிம்மா." அவ்வளவுதான்!

ரகுபதி, நிவேதாவுக்கு நீ நகை போட்டிருக்க, பட்டு எடுத்திருக்க, சந்தோஷம். ஆனா அங்க வந்து முதல் மாசம் அந்தப் பொண்ணு முகம் சுருங்கும்யா. அது உன் மேல வெறுப்பு இல்ல. இருபத்தஞ்சு வருஷமா வேற தண்ணியில இருந்த உசுரு அது. பக்கத்துல இரு. ஓடியும் போயிடாத, நோண்டிக்கிட்டும் இருக்காத. அழுதா அழட்டும்.

பொண்ணைப் பெத்த சம்பந்தியம்மா, தலையாட்டாதீங்க, உங்களுக்கும்தான் சொல்றேன்! அரை மணிக்கொரு தடவை போன் போட்டு "ஏண்டி குரல் ஒரு மாதிரி இருக்கு"ன்னு கேக்காதீங்க. அதுவும் தொட்டிக்குள்ள கையை விடறதுதான்.

என்னப்பா ரகுபதி... இப்பவே அவகிட்ட குனிஞ்சு "என்னம்மா, கண்ணு ஏன் கலங்குது?"ன்னு கேக்கறியே! கேக்காத. உன் கைக்குட்டையை மட்டும் குடு... குடுத்துட்டு நேரா பாரு.