பறவை பார்க்கக் கட்டிய குடிசைகள்

கந்தளாய்க்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டார்கள். எனக்கு முன்னால் வெள்ளைச் சாரம் கட்டி நின்றவர் தன் கூட்டாளியிடம், "கடைசியா வெள்ளைக்காரர் வந்திட்டினம் மச்சான்," என்றார்.

"உன்ர மண் குடிசையளுக்கோ? இந்தச் சண்டைக்குள்ளயோ?"

"ஓம்."

"சமாதானம் வந்திட்டுது, வெள்ளைக்காரர் வந்து தங்குவினம் எண்டு வயலையும் வித்தெல்லோ கட்டினனீ."

"குளத்தடிக் காட்டில ஒரு மரமும் வெட்டாதேங்கோ, பறவை பார்க்க வருவினம் எண்டு சுற்றுலாக் கந்தோர்க்காரர் வகுப்பு வைச்சுச் சொன்னவை. ஒரு கொப்பும் முறிக்கேல்லை. ஒருத்தரும் வரேல்லை."

"இப்ப மட்டும் என்னத்துக்கு வந்தவை?"

"குடிசையள் நிறைய மூதூர்ச் சண்டைக்குத் தப்பி ஓடி வந்த சனம். அவையளைப் படம் எடுக்க."

"உன்ர காட்டையும் காட்டியிருக்கலாமே."

"காடு எங்க? ஆக்கள் ஒளிக்க மறைவா இருக்கெண்டு ஆமிக்காரர் வெட்டச் சொன்னவை. நான்தான் வெட்டினனான். அந்தச் சனத்துக்கும் விறகு வேணும்தானே."

சாரக்காரர் தொடர்ந்தார்.

"சண்டை முடிய ஒருக்கா வந்து தங்குங்கோ எண்டு கேட்டனான். படம் எடுத்த வெள்ளைக்கார மனுசன் சுத்திவரப் பார்த்திட்டு, இங்க பார்க்க என்ன இருக்கு எண்டு கேட்டது."